பழைய பைக் வாங்கப்போகிறீர்களா? ஆர்.எக்ஸ். 100, இரும்பு புல்லட், யெஸ்டி, ராஜ்தூத் 350: எது யாருக்கு?

ஐம்பதை நெருங்கும் வயதில் பழைய பைக் தேடுபவர்கள் பெரும்பாலும் ஒரு பெயரை மனத்தில் வைத்துக்கொண்டுதான் வருகிறார்கள். காலேஜ் நாட்களில் நண்பனிடம் கெஞ்சி ஒரு ரவுண்டு வாங்கிய ஆர்.எக்ஸ்., அப்பா உதைத்துக் கிளப்பிய புல்லட், தெருமுனை திரும்பும் முன்பே காதில் விழுந்த யெஸ்டியின் சத்தம். ஆசை அங்கிருந்துதான் பிறக்கிறது, அதில் தவறே இல்லை. ஆனால் பெயரை முதலில் முடிவு செய்துவிட்டால், பேப்பர் சரியில்லாத வண்டியையும் பாதி பாகம் இல்லாத வண்டியையும் கண்ணை மூடிக்கொண்டு வாங்க வேண்டியிருக்கும். மாதம் எத்தனை கிலோமீட்டர் ஓட்டப்போகிறீர்கள், ஸ்பேனர் பிடிக்கும் பழக்கம் உண்டா, பக்கத்தில் டூ ஸ்ட்ரோக் தெரிந்த மெக்கானிக் இருக்கிறாரா என்ற மூன்றுக்கும் முதலில் பதில் வைத்துக்கொள்ளுங்கள்.

எந்த மாடலாக இருந்தாலும் ஒன்று பொது. என்ஜினைப் பிரித்துச் சேர்த்துவிடலாம். ஆர்.சி.யையும், டேங்க், சைடு பாக்ஸ், மீட்டர் போன்ற மேல் பாகங்களையும் அப்படிச் சரிசெய்ய முடியாது. விலை பேசும்போது எல்லாரும் என்ஜினையே பார்க்கிறார்கள். பார்க்க வேண்டியது மற்ற இரண்டையும்.

முதலில் பேப்பர்

சொந்த உபயோக இருசக்கர வாகனத்துக்கு முதல் பதிவு 15 ஆண்டுக்குச் செல்லும். அதன் பிறகு படிவம் 25 கொடுத்து, வண்டியை ஆர்.டி.ஓ. ஆபீசில் காட்டி, 5 ஆண்டுக்கு ஒரு முறை புதுப்பிக்க வேண்டும். 15 ஆண்டு கடந்த பைக்குக்கு இந்தக் கட்டணம் 2022 ஏப்ரலில் 1,000 ரூபாய் ஆனது. 20 ஆண்டு தாண்டியவற்றுக்கு 2025 ஆகஸ்டில் 2,000 ரூபாயாக உயர்த்தினார்கள். தமிழ்நாட்டில் பசுமை வரி தனி. இதெல்லாம் கட்டிவிடக்கூடிய தொகைதான். சிக்கல் வேறு இடத்தில் இருக்கிறது.

மத்திய அரசின் வாகனப் பதிவுத் தளமான பரிவாகனில் வண்டி எண்ணைப் போட்டுப் பாருங்கள். எண் வரவில்லை என்றால் பழைய புத்தக ஆர்.சி. இன்னும் கணினியில் ஏறவில்லை என்று பொருள். பதிவு செய்த அதே ஆர்.டி.ஓ. ஆபீசில் பழைய பதிவேட்டைத் தேடி ஏற்றித் தர வேண்டும். அந்த வேலையை விற்பவர் முடித்துக் கொடுத்த பிறகு முழுப் பணத்தைக் கொடுங்கள். ஆர்.சி.யில் பைனான்ஸ் குறிப்பு இருந்தால் இன்னும் கவனம் வேண்டும். கடன் எப்போதோ அடைந்திருக்கும், ஆனால் படிவம் 35-இல் கையெழுத்துப் போட வேண்டிய பைனான்ஸ் கம்பெனி மூடிப்போயிருக்கும். பெயர் மாற்றத்துக்குப் படிவம் 29, 30. வேறு மாநில வண்டி என்றால் படிவம் 28-இல் தடையில்லாச் சான்று. உரிமையாளர் இறந்திருந்தால் முதலில் வாரிசு பெயருக்குப் படிவம் 31 மூலம் மாறி, பிறகுதான் உங்களுக்கு வர வேண்டும். 'ஓப்பன் பேப்பரில் கையெழுத்து இருக்கு சார்' என்பார்கள். எப்போதோ போட்ட அந்தக் கையெழுத்தை நம்பிப் பணம் கொடுக்காதீர்கள்.

சேஸ் நம்பரை நேரில் பாருங்கள். துணியில் கொஞ்சம் மண்ணெண்ணெய் விட்டு அழுக்கைத் துடைத்து, மேலே மெல்லிய தாள் வைத்துப் பென்சிலால் தேயுங்கள். எழுத்துகள் ஒரே ஆழத்தில், ஒரே வரிசையில் தாளில் பதிய வேண்டும். சுற்றியுள்ள உலோகம் மட்டும் வழுவழுவென்று கிரைண்டர் ஓடியதுபோல இருந்தாலோ, அந்த இடத்தில் மட்டும் பெயின்ட் புதிதாக இருந்தாலோ திரும்பிவிடுங்கள்.

'விண்டேஜ் பதிவு வாங்கிக்கலாம்' என்று சிலர் ஆசை காட்டுவார்கள். 2021-இல் வந்த விதிப்படி, முதல் பதிவிலிருந்து 50 ஆண்டு கடந்து, அசல் வடிவம் மாறாத வண்டிக்குத்தான் அது கிடைக்கும். கட்டணம் 20,000 ரூபாய். நம்பர் பிளேட்டில் 'வி.ஏ.' எழுத்துகள் வரும். தினமும் ஓட்ட முடியாது. கண்காட்சி, ராலி, பராமரிப்பு, பெட்ரோல் போடுவது போன்றவற்றுக்கு மட்டுமே அனுமதி. 1985-இல் வந்த ஆர்.எக்ஸ். 100-க்கு 2035 வரை அந்தப் பேச்சே இல்லை.

ஆர்.எக்ஸ். 100

98 சி.சி., 11 குதிரைத்திறன், 103 கிலோ எடை, 4 கியர். 1985 முதல் 1996 வரை யமஹா-எஸ்கார்ட்ஸ் கூட்டில் வந்தது. இத்தனை சிறிய எடையில் அந்த சக்தி இருப்பதால்தான் இரண்டாவது கியரில் முறுக்கும்போது இன்றும் சிரிப்பு வருகிறது. நால்வரில் நகரத்துக்குள் ஓட்ட மிகச் சுலபமானது இதுதான். விலை அநியாயமாக ஏறியிருப்பதும் இதற்குத்தான். விலை ஏறியதால் போலிகளும் பெருகிவிட்டன.

ஆர்.எக்ஸ்.ஜி., ஆர்.எக்ஸ். 135 பாகங்கள் பல இதில் பொருந்தும். எனவே 100 என்று ஸ்டிக்கர் ஒட்டிய வண்டியில் 135 சிலிண்டர் உட்கார்ந்திருக்கலாம். ஓட்டிப் பார்க்கும்போது கியரை எண்ணுங்கள். ஐந்தாவது விழுந்தால் அந்தக் கியர் பாக்ஸ் இந்த வண்டியோடு பிறந்ததல்ல. ஆர்.சி.யில் உள்ள என்ஜின் நம்பரோடு ஒப்பிடாமல் கிளம்ப வேண்டாம்.

விற்பவர் வீட்டுக்குப் போனதும் முதலில் சிலிண்டர் மேல் கை வையுங்கள். சூடாக இருந்தால் நீங்கள் வரும் முன் கிளப்பி வைத்திருக்கிறார்கள். ஆற விட்டுப் பிறகு கேளுங்கள். நல்ல ஆர்.எக்ஸ். சோக் போட்டு இரண்டு மூன்று உதையில் பிடிக்க வேண்டும். கிளம்பியதும் நீலப் புகை வருவது இயல்பு, சூடேறியதும் மெலிய வேண்டும். நன்றாகச் சூடான பிறகும் அடர்ந்த வெள்ளைப் புகை நின்றபாடில்லை, கியர் ஆயிலும் குறைகிறது என்றால் கிளட்ச் பக்கத்து கிராங்க் ஆயில் சீல் போயிருக்கிறது. கியர் ஆயிலை என்ஜின் உறிஞ்சி எரிக்கிறது. இடது பக்க மேக்னெட் சீல் போனால் அறிகுறி வேறு. அந்த வழியாகக் காற்று உள்ளே புகுந்து பெட்ரோல்-காற்றுக் கலவை மெலிந்துவிடும். ஆக்சிலேட்டரை விட்ட பிறகும் ஐடிலிங் உடனே இறங்காமல் கூவிக்கொண்டே நிற்கும். அப்படியே நெடுஞ்சாலையில் விரட்டினால் பிஸ்டன் சிலிண்டரோடு இறுகிப் பிடித்துக்கொள்ளும். இரண்டு சீலுமே சின்ன உதிரிகள்தான். ஆனால் இரண்டாவது அறிகுறியைக் கவனிக்காமல் ஓட்டியவர்கள் போர், பிஸ்டன், கிராங்க் என்று மொத்த என்ஜினையும் இறக்கியிருக்கிறார்கள்.

அடுத்தது டூ ஸ்ட்ரோக் என்ஜினுக்கான 2டி ஆயிலின் பம்ப். கம்பெனி கொடுத்த ஆட்டோலூப் பம்ப் ஆக்சிலேட்டர் திறப்புக்கு ஏற்ப ஆயில் கொடுக்கும். பல மெக்கானிக்குகள் அதைக் கழற்றிவிட்டுப் பெட்ரோலில் ஆயில் கலந்து ஊற்றச் சொல்லிவிடுவார்கள். பம்ப் இருக்கிறதா, அதன் கேபிள் ஆக்சிலேட்டரோடு சேர்ந்து இழுபடுகிறதா என்று கவர் கழற்றிப் பாருங்கள். ஆயில் டேங்க் ஒரு முறை முழுக்கக் காலியாகியிருந்தால், பம்பிலுள்ள பிளீட் ஸ்க்ரூவைத் தளர்த்தி, குமிழி இல்லாமல் ஆயில் வழியும்வரை விட்டு, பிறகுதான் இறுக்க வேண்டும். இதைச் செய்யாமல் கிளப்பினால் முதல் சில கிலோமீட்டர் வறட்டு ஓட்டம்தான்.

சிலிண்டர் தேய்ந்து அதன் உட்சுவரைக் கடைந்து பெரிதாக்க (போர் போட) வேண்டி வந்தால் பிஸ்டனை முதலில் வாங்குங்கள். அதைக் கையில் கொடுத்து, அளந்து, சர்வீஸ் மேனுவல் சொல்லும் இடைவெளிக்கு போர் அடிக்கச் சொல்லுங்கள். 'டைட்டா வெச்சா ரொம்ப நாள் வரும்' என்பதைக் கேட்டால் முதல் சூட்டிலேயே பிடிக்கும். அசல் போர் 50 மி.மீ. ஓவர்சைஸ் பிஸ்டன் 0.25 மி.மீ. படியாக 1 மி.மீ. வரை போகும். பிஸ்டன் தலையில் 25, 50, 75, 100 என்று பொறித்திருக்கும். ஹெட்டைக் கழற்றிப் பார்த்து அதில் 100 இருந்தால் அடுத்த முறை சிலிண்டருக்குள் புதுக் குழாய் (ஸ்லீவ்) போட வேண்டியதுதான். அதற்கேற்ப விலையைக் குறையுங்கள்.

சைலன்சர் உள்ளே சத்தத்தை அடக்கும் பேஃபிளை உருவிய வண்டிகள் ஏராளம். சத்தம் கூடும், கீழ் இழுவை குறையும், கார்புரேட்டரில் பெட்ரோல் வரும் துளையான ஜெட்டின் அளவும் மாற்ற வேண்டியிருக்கும். ஆர்.எக்ஸ். சத்தத்துக்காகவே இந்த வண்டியை வாங்குபவர், பேஃபிள் இருக்கும் அசல் சைலன்சரோடுதான் வாங்க வேண்டும். நினைவிலிருக்கும் அந்தச் சத்தம் அதில்தான் வருகிறது.

இரும்பு புல்லட் 350

இரும்பு சிலிண்டர், 346 சி.சி., 70 மி.மீ. போர், 90 மி.மீ. ஸ்ட்ரோக், 18 குதிரைத்திறன். ராயல் என்ஃபீல்டின் திருவொற்றியூர் ஆலையில் பல பத்தாண்டுகள் பெரிய மாற்றமில்லாமல் வந்த என்ஜின். கியர் வலது காலில், பிரேக் இடது காலில். முதல் கியர் மேலே, மற்ற மூன்றும் கீழே. இன்றைய பைக்கை வாரம் முழுக்க ஓட்டிவிட்டு ஞாயிற்றுக்கிழமை மட்டும் இதை எடுப்பவர்கள், அவசரத்தில் பிரேக் என்று நினைத்துக் கியரை மிதிப்பார்கள். இது சின்ன விஷயம் அல்ல. ஒரு மாதமாவது நெரிசல் இல்லாத சாலையில் காலைப் பழக்கிய பிறகுதான் நகரத்துக்குள் வர வேண்டும்.

உதைப்பதில் பலம் வேண்டாம், முறை வேண்டும். சாவியைப் போட்டு கிக்கரை மெதுவாக அழுத்தினால் ஒரு இடத்தில் இறுகும். உள்ளிருக்கும் அழுத்தத்தை விடுவிக்கும் டிகம்ப்ரஷர் லீவரைப் பிடித்து இன்னும் கொஞ்சம் அழுத்த, ஆம்ப் மீட்டர் முள் டிஸ்சார்ஜ் பக்கத்திலிருந்து நடுவுக்கு வரும். பிளக்கில் பொறி வரவைக்கும் பாயின்ட் திறந்துவிட்டது என்று அர்த்தம். லீவரை விட்டு, கிக்கரை மேலே வரவிட்டு, முழு வீச்சில் ஒரே உதை. கிக்கர் திரும்ப எத்தினால் பொறி விழும் நேரமான டைமிங் முன்னே போயிருக்கிறது. பாயின்ட் இடைவெளி 0.35 முதல் 0.40 மி.மீ.க்குள் இருக்கட்டும். முதலில் அதை வைத்துவிட்டுப் பிறகு டைமிங்கைத் தொடுங்கள். வரிசை மாறினால் இரண்டும் கெடும்.

டாப்பெட் (வால்வு இடைவெளி) சரிபார்க்க ஃபீலர் கேஜ்கூட வேண்டாம். என்ஜின் குளிர்ந்திருக்கும்போது, கம்ப்ரஷன் ஸ்ட்ரோக்கின் உச்சத்தில் பிஸ்டனை நிறுத்துங்கள். சிலிண்டர் ஓரத்துச் சின்ன மூடியைத் திறந்து புஷ் ராடை இரண்டு விரலால் உருட்டுங்கள். தடையில்லாமல் சுற்ற வேண்டும், மேலும் கீழும் மட்டும் ஆடக்கூடாது. அவ்வளவுதான்.

இந்த வண்டியில் அதிகம் ஏமாறும் இடம் ஆயில். பல வாரம் நின்ற புல்லட்டில், ஆயில் டேங்க் பகுதியிலிருந்து ஆயில் மெல்லக் கசிந்து கிராங்க் அறைக்குள் இறங்கிவிடும். டிப்ஸ்டிக் காலி என்று காட்டும். உடனே ஒரு லிட்டர் ஊற்றிக் கிளப்பினால், அளவுக்கு மீறிய ஆயில், என்ஜின் மூச்சுவிடும் பிரீதர் வழியாகவும் சீல் வழியாகவும் பீய்ச்சி அடிக்கும். கிராங்க் அறையின் டிரெயின் பிளக்கைத் திறந்து வடித்துவிட்டு அளந்து ஊற்றுவதே சரி. 'புல்லட்டுன்னா ஆயில் ஒழுகும்' என்று ஒப்புக்கொள்ள வேண்டியதில்லை. பிரீதர் பைப் அடைபட்டிருப்பதும், மூடிகளின் முகம் இறுக்கி இறுக்கி வளைந்திருப்பதும்தான் பாதிக் கசிவுக்குக் காரணம்.

மணிக்கு 60, 65-இல் நாள் முழுக்கப் போகும். 90-இல் விரட்டினால் கிராங்கைப் பற்றியிருக்கும் பிக் எண்ட் தாங்காது. உதிரி கிடைப்பதில் நால்வரில் இதுவே முதலிடம், சென்னை ஜி.பி. ரோட்டிலும் புதுப்பேட்டையிலும் கிடைக்காத புல்லட் பாகம் குறைவு. தரம் மட்டும் பார்த்து வாங்க வேண்டும்.

யெஸ்டி ரோட்கிங்

மைசூரின் ஐடியல் ஜாவா ஆலையில் 1978 முதல் 1996 வரை வந்த 250 சி.சி. டூ ஸ்ட்ரோக், 16 குதிரைத்திறன், இரண்டு சைலன்சர். கியர் லீவரே கிக்கர்: உள்ளே தள்ளி மேலே திருப்பினால் கிக்கர், கீழே விட்டால் கியர். புதிதாகப் பார்ப்பவர்கள் இந்த ஒன்றுக்காகவே மயங்கிவிடுவார்கள். தேய்ந்த வண்டியில் அந்த லீவர் உதைக்கும்போது வழுக்கும். லீவர் மாட்டும் தண்டின் ஸ்ப்லைன் பல்லைப் பார்த்துவிடுங்கள்.

ஸ்பேனர் பிடிக்க ஆசைப்படுபவருக்கு நாங்கள் பரிந்துரைப்பது இதைத்தான். கட்டமைப்பு எளிது, முரடு, பழகுவதற்கு ஏற்றது. ஆயில் பம்ப் இல்லை, பெட்ரோலில் கலக்க வேண்டும். லிட்டருக்கு 40 மில்லி என்ற கணக்கில் பலரும் கலக்கிறார்கள். டேங்கில் ஆயிலைத் தனியாக ஊற்றி வண்டியை ஆட்டுவது கலப்பதாகாது. கேனில் முழுவதும் கரைத்துவிட்டு ஊற்றுங்கள். ஏற்காடு, கொல்லிமலை போன்ற இடங்களில் நீண்ட இறக்கத்தில் ஆக்சிலேட்டரை மூடி என்ஜின் பிரேக்கிலேயே இறங்கக்கூடாது. பெட்ரோல் போகாவிட்டால் ஆயிலும் போகாது, சுற்றுவதோ வேகமாகச் சுற்றுகிறது. இடையிடையே கிளட்ச் பிடித்து ஒரு முறுக்கு கொடுத்துக்கொண்டே வர வேண்டும்.

இழுவை மெல்ல மெல்லக் குறைந்தால் கார்புரேட்டரைத் தொடும் முன் சைலன்சரைக் கழற்றுங்கள். கரி அடைத்திருக்கும். எக்ஸாஸ்ட் போர்ட்டிலும் படிந்திருக்கும். பிஸ்டனைக் கீழே இறக்கி வைத்து மரக்குச்சியால் சுரண்டுங்கள், இரும்பு வேண்டாம். மேல் பாகங்கள் கிடைப்பதுதான் பாடு. ஜாவா, யெஸ்டி கிளப்புகள் உயிர்ப்போடு இருக்கின்றன, ஜூலை இரண்டாவது ஞாயிறு அவர்களது நாள். உதிரி கைமாறுவதும் அங்கேதான்.

ராஜ்தூத் 350

இதைப் பற்றிச் சுருக்கமாகவே சொல்லலாம். 347 சி.சி., இரட்டை சிலிண்டர் டூ ஸ்ட்ரோக், 6 கியர். 1983 முதல் 1989 வரை வந்தது. முதலில் வந்த ஹை டார்க் 30.5 குதிரைத்திறன், பின்னர் வந்த லோ டார்க் 27. இன்று ஓட்டினாலும் மிரட்டும். ஆனால் எல்லாமே இரண்டு: இரண்டு கார்புரேட்டர், இரண்டு பாயின்ட், இரண்டு பிஸ்டன். டைமிங்கை டயல் கேஜ் வைத்து ஒவ்வொரு சிலிண்டருக்கும் தனித்தனியாக வைக்க வேண்டும். ஒரு பக்கம் முன்னே போனால் அந்தப் பக்கத்துப் பிஸ்டன் தலையில் ஓட்டை விழும். கிராங்கின் நடு சீல் போனால் மொத்த கிராங்கையும் பிரஸ்ஸில் பிரித்துச் சேர்க்க வேண்டும், அதை நேராக்கத் தெரிந்த கை எல்லா ஊரிலும் இல்லை. முன் பிரேக் டிரம். அந்த வேகத்துக்கு அது போதாது. இன்னொரு வண்டி வாங்கும் அளவுக்குப் பணத்தை ஒதுக்கி வைத்திருப்பவர் மட்டும் இதைத் தொடட்டும். முதல் பழைய வண்டியாக வேண்டவே வேண்டாம்.

பலரும் மறந்த ஐந்தாவது

ஹீரோ ஹோண்டா சி.டி. 100. 1985-இல் வந்தது, 97.2 சி.சி., ஃபோர் ஸ்ட்ரோக். உண்மையில் அன்று வீடுகளில் நின்றது இதுதான், ஆனால் யாரும் தேடுவதில்லை. பின்னால் வந்த ஸ்பிளெண்டரும் அதே 50 x 49.5 மி.மீ. என்ஜின் குடும்பம் என்பதால் உள் பாகங்களுக்குப் பஞ்சமே இல்லை. அப்பாவின் வண்டியைத் திரும்ப வீட்டில் நிறுத்த வேண்டும், மகளும் ஓட்ட வேண்டும் என்று நினைத்தால் இதைவிட நல்ல தேர்வு கிடையாது.

ரெடி செய்த வண்டியா, ஓடும் வண்டியா, மூலையில் கிடப்பதா?

பளபளவென்று 'ரீஸ்டோர்' செய்து விற்கும் வண்டி கண்ணுக்கு நல்லது. ஆனால் பெயின்ட்டின் கீழே என்ன இருக்கிறது? கையில் சின்னக் காந்தம் வைத்துக்கொண்டு போங்கள். டேங்க், மட்கார்டு மேல் நகர்த்தினால் பட்டி தடிமனாகப் பூசிய இடத்தில் பிடிப்பு தளரும். குரோம் ரிம்மில் ஸ்போக் நிப்பிள் ஓரத்தைப் பாருங்கள், அவசர பிளேட்டிங் அங்கிருந்துதான் உரியத் தொடங்கும். டயர் பக்கவாட்டில் நான்கு இலக்கம் இருக்கும்: முதல் இரண்டு வாரம், அடுத்த இரண்டு ஆண்டு. பட்டன் ஆழம் இருந்தாலும் பத்து வயசு டயரில் ஏறாதீர்கள்.

மூலையில் கிடக்கும் வண்டி மலிவாகத் தெரியும். என்ஜின் இறுகியிருந்தால்கூடப் பயமில்லை; பிளக் துளையில் ஆயில் விட்டு ஊறவைத்தால் பல நேரம் அசையும். மீட்டர், ஹெட்லைட் டூம், சைடு பாக்ஸ் மூடி, அசல் ஹேண்டில்பார், சைலன்சர் இவற்றில் மூன்று இல்லை என்றால் அந்த மலிவு காணாமல் போய்விடும். உதிரி தேடியே ஒரு வருடம் ஓடும், அதை ரசிப்பவர் என்றால் எடுங்கள்.

எதை வாங்கினாலும் இன்றைய பெட்ரோலில் 20 சதவீதம் எத்தனால் இருப்பதை மனத்தில் வையுங்கள். பழைய ரப்பர் ஹோஸ், பெட்ரோல் டேப் வாஷர், கார்புரேட்டர் ஓ-ரிங் எல்லாம் ஊறி உப்பும், பிறகு வெடிப்பு விடும். எத்தனால் தாங்கும் ஹோஸாக மாற்றிவிடுங்கள். கலவையும் சற்று மெலியும். டூ ஸ்ட்ரோக்கில் மெயின் ஜெட்டை ஒரு அளவு கூட்டி, நெடுந்தூரம் ஓட்டி நிறுத்தி பிளக்கின் நிறம் பாருங்கள்: தேங்காய் ஓட்டு நிறம் சரி, வெளுத்திருந்தால் ஆபத்து. ஒரு மாதத்துக்கு மேல் நிறுத்துவதாக இருந்தால் ஃப்ளோட் கிண்ணத்தை வடித்துவிடுங்கள். எத்தனால் ஈரத்தை இழுக்கும், அந்த ஈரம் டேங்க் அடியில் துருவாக நிற்கும்.

புகைச் சான்றிதழுக்குப் பயப்பட வேண்டாம். 2000 மார்ச்சுக்கு முன் வந்த இருசக்கர வாகனங்களுக்கு வரம்பு கார்பன் மோனாக்சைடு 4.5 சதவீதம், ஹைட்ரோகார்பன் 9,000 பி.பி.எம். சரியாக ட்யூன் செய்த ஆர்.எக்ஸ். இந்தச் சோதனையில் தேறிவிடும். இன்சூரன்ஸில் மூன்றாம் நபர் காப்பு கட்டாயம். வண்டியின் மதிப்பை, 5 ஆண்டு கடந்தவற்றுக்கு நீங்களும் கம்பெனியும் பேசித்தான் முடிவு செய்ய வேண்டும். செலவழித்த பில்களையும் படங்களையும் வைத்துக்கொண்டு பேசுங்கள்.

வாரம் மூன்று நாள் நகரத்துக்குள் ஓட்டுபவருக்கு ஆர்.எக்ஸ். 100. நிதானமாக ஊர் ஊராகப் போக இரும்பு புல்லட். கையில் கிரீஸ் பட்டால் மனசு நிறைபவருக்கு யெஸ்டி. இதில் எதற்கும் நேரமில்லை, தோற்றம் மட்டும் போதும் என்றால் 2018-இல் திரும்ப வந்த ஜாவா, 2022-இல் வந்த யெஸ்டி, 349 சி.சி. கிளாசிக் 350 ஆகியவை ஷோரூமில் நிற்கின்றன. அவை நல்ல வண்டிகள். ஆனால் 2டி ஆயில் மணத்தைத் தேடிப் போகிறவருக்கு அது அங்கே இல்லை.

கடைசியில் ஒரே விலையில் இரண்டு வண்டி எதிரே நிற்கும் நிலை பலருக்கும் வரும். ஒன்று புதுப் பெயின்ட், புது சீட், புது ஸ்டிக்கர். இன்னொன்று நிறம் மங்கியது, ஆனால் கம்பெனி டேங்க், கம்பெனி மீட்டர், ஆர்.சி.யோடு பொருந்தும் இரண்டு நம்பர். மங்கியதற்கு அட்வான்ஸ் கொடுங்கள்.